கோட்டைக்குள் அடித்த மணி

எங்கள் தீவுக்கு இரண்டு பெயர். நாங்கள் நெடுந்தீவு என்கிறோம். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் தங்கள் தேசத்து நகரம் ஒன்றின் பெயரை இதற்குச் சூட்டி, டெல்ஃப்ற் என்று கடதாசியில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். பெயர் வைத்தவர்கள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா, கடல் பெருத்தால் நோயாளியை எப்படி அக்கரைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன மாசி மாதம் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. நான்கு நாள் இசை விழா. அந்த நகரத்துப் பழைய இசையை, அந்த நகரத்தின் பெயரைச் சுமக்கிற தீவில், ஒல்லாந்தர் விட்டுப்போய் இடிந்து கிடக்கிற கோட்டைக்குள் வாசிக்கப் போகிறார்கள் என்று இறங்குதுறையில் பெரிய பதாகை கட்டினார்கள்.

எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை சொல்ல நான் யார்? என் பெயர் சில்வெஸ்ரர். தீவில் லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓட்டுகிறேன். படகில் வந்திறங்கும் சீமெந்தும் அரிசியும் அதில் கொளுவிய என் பெட்டியில்தான் ஊருக்குள் போகும். அக்கரைத் துறையான குறிகட்டுவானிலிருந்து வந்த வயலின்களையும், ஆளுயரப் பெட்டிகளுக்குள் கிடந்த வேறு வாத்தியங்களையும், பியானோ ஒன்றையும் கோட்டைவரை இழுத்தவன் நான்தான். பியானோவுக்கு மெத்தை விரித்தார்கள். என் மனுசியைப் பிள்ளைப்பேற்றுக்கு ஏற்றிக்கொண்டு போனபோது அதே பெட்டியில் நான் சாக்குத்தான் விரித்தேன். இதைச் சொன்னால் அவள் இன்றைக்கும் முகத்தைத் திருப்புவாள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மேரிஜோசப்பின் என்கிற அக்காவைப் பற்றி.

எங்கள் செபஸ்தியார் கோயிலில் மணியடிப்பவர் அவர். ஐம்பது தாண்டிய வயது. கயிறு இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் ஆம்பிளைத் தோள் மாதிரித் திரண்டிருக்கும். தண்ணீர் பவுசர் வண்டி வந்தால் வரிசையில் அவருக்கு முன்னால் யாராவது குடத்தை நகர்த்திப் பார்க்கட்டும், அன்றைக்கு அந்த ஆள் வீட்டில் சோறு சமிபாடடையாது. அவருடைய தகப்பன் மணியடித்தவர். அவர் படுக்கையில் விழுந்தபோது அந்த வேலைக்கு வர ஒரு ஆம்பிளையும் முன்வரவில்லை. சம்பளமில்லாத வேலைக்கு யார் வருவான்? மகள் போய்க் கயிற்றைப் பிடித்தாள். பெண் பிள்ளை மணியடிப்பதா என்று இரண்டு பேர் சுவாமியாரிடம் போய் முணுமுணுத்தார்கள். "அப்ப நீங்கள் ரெண்டுபேரும் விடிய வந்து அடியுங்கோ" என்றாராம் சுவாமியார். அதற்குப் பிறகு முணுமுணுப்பு இல்லை.

அக்காவின் புருசன் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கடற்றொழில். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்த வயதிலும் அவர்கள் இரண்டு பேரும் நேற்றுத் தாலி கட்டியவர்கள் மாதிரி இருப்பார்கள். ஊர் அதைப் பார்த்துச் சிரிக்கும், கொஞ்சம் பொறாமையும்படும். அண்ணை மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அக்கா மூச்சுவிடாமல் பேசுவார். கணக்குச் சரியாகிவிடும்.

அந்த மணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயிலுக்கு நேரே கடலுக்குள் முருகைக்கல் பார், பவளப்பாறைத் திட்டு, நீளத்துக்குக் கிடக்கிறது. நீருக்குள் கத்தி நட்டுவைத்த மாதிரி. அதில் வள்ளம் நுழைய ஒரேயொரு வழி. வெளிச்சத்தில் சின்னப் பிள்ளையும் அந்த வழியால் வந்துவிடும். ஆனால் தை, மாசியில் சில விடியல்களில் பனி இறங்கினால் வள்ளத்தின் முன்னணியத்தில் நிற்பவனைப் பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. அந்த நேரம் அடிப்பதுதான் பனிமணி. மூன்று அடி, கொஞ்சம் நிறுத்தி இரண்டு அடி, திரும்ப மூன்று. கடலில் நிற்பவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். மணிச்சத்தத்தை நேர் முன்னால் வைத்து மெல்லத் துடுப்புப் போட்டு வந்தால் பாரின் வழி தானாக வந்து சேரும். இளம் பொடியளின் கைத்தொலைபேசியில் வழிகாட்டுகிற படமெல்லாம் இருக்கிறதுதான். அகலக்கடலில் அதை நம்புவார்கள். பாருக்குக் கிட்ட வந்துவிட்டால் அவர்களும் மணியைத்தான் நம்புவார்கள்.

அந்த மணியின் விளிம்பில் ஒரு வெடிப்பு உண்டு. சளி, தடிமன் பிடித்தவரின் குரல்போல் கரகரக்கும். ஆயிரம் மணி அடித்தாலும் எங்கள் ஆட்கள் அதைத் தெரிந்துகொள்வார்கள். கரை சேர்ந்தவன் இடுப்பில் ஈரச் சாரத்தோடு கோயில் வாசலுக்கு வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, "வந்திட்டன்" என்று சொல்லவேண்டும். இது எங்கள் வழக்கம். கடைசி ஆள் வந்து சொல்லும்வரை கயிறு விடக்கூடாது. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பார். பெண்சாதிக்கு முதலில் முகம் காட்ட வேண்டும் என்று எல்லா வள்ளத்தையும் முந்திக்கொண்டு வருவார். பொடியள் பகிடி பண்ணுவார்கள். அவருக்கு அது காதில் ஏறாது.

தை மாதம் விழாக்காரர்கள் இடம் பார்க்க வந்தார்கள். அப்படி வந்தவன்தான் யொரிஸ். அந்த நகரத்துப் பொடியன், இசை எழுதுகிறவன், ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். அவனுக்கு வழிகாட்டி வாகீசன். வேலணைப் பிள்ளை, கொழும்பில் படித்து விழா ஏற்பாடுகளுக்கு இணைப்பாளராக இருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வாயில் "இல்லை" என்ற சொல்லே கிடையாது. யார் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பான். எனக்கு அப்படிப்பட்ட ஆட்களைக் கண்டால் பயம்.

அவர்கள் வந்த மறுநாள் விடிய நல்ல பனி. அக்கா பனிமணி அடித்தார். சத்தம் கேட்டு யொரிஸ் விடுதியிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்து கோபுரத்தின் கீழே நின்றுவிட்டான். வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வருவதையும், ஆட்கள் வந்து "வந்திட்டன்" என்று சொல்வதையும் பார்த்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அவனுடைய நகரத்தில் பெரிய கோயில் கோபுரம் முழுக்க மணிகளாம், சிறிதும் பெரிதுமாக எத்தனையோ மணிகளாம், அவற்றில் பாட்டே வாசிப்பார்களாம். அந்த மணிகளும் இந்த ஒற்றை மணியும் பேசிக்கொள்கிற மாதிரி ஒன்றை எழுதப் போகிறேன் என்றான். அந்தப் பனிமணியைப் பதிவு செய்ய அனுமதி கேட்டான்.

சுவாமியார் அக்காவைக் கைகாட்டிவிட்டார். அக்கா வாகீசன் பக்கம் திரும்பினார்.

"வாகீசன், இதை எப்ப போடுவியள்?"

"விழா முடியிற நாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை விடிய."

"ஞாயிறெண்டால் சரி. சனிக்கிழமை பின்னேரம் எங்கடை ஆக்கள் கடலுக்குப் போறேல்லை. ஒரு வள்ளமும் வெளியிலை நிக்காது. வேறை நாளிலை போடக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் அக்கா."

"அவருக்கும் சொல்லும்."

"ஓம் அக்கா, சொல்லுறன்."

சொன்னானோ தெரியாது. யொரிஸ் தலையாட்டினான். அவன் நன்றி சொல்வதற்குத் தலையாட்டினானா, விளங்கித் தலையாட்டினானா என்று யார் கண்டது?

அன்று வீட்டில் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். இதை அக்காதான் பிறகு எனக்குச் சொன்னார்.

"ஏன் குடுத்தனீர்?"

"இஞ்சாருங்கோ, மணியையே கழட்டிக் குடுத்தனான்? சத்தத்தைத்தானே."

"கடலிலை நிக்கிறவனுக்குச் சத்தம்தான் மணி."

கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார். அக்காவுக்கும் அது உறுத்தியது. ஆனால் விழாவின் அழைப்பில் மணியடிப்பவர் மேரிஜோசப்பின் என்று பெயர் அச்சடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முன்வரிசையில் கதிரை என்றும் சொல்லியிருந்தார்கள். வாழ்நாளில் கலியாணப் பதிவில் தவிர வேறெங்கும் அவர் பெயர் வந்ததில்லை. ஆசைப்பட்டார். யாருக்குத்தான் ஆசை வராது?

விழா வியாழக்கிழமை தொடங்கியது. நான் பியானோவை இழுத்த கதையைச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு நாளும் நன்றாகவே நடந்தன. கோட்டைச் சுவருக்கு நடுவே பிளாஸ்ரிக் கதிரைகள். கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் வியர்த்துக் கொட்டக் கொட்ட வாசித்தார்கள். எங்கள் சனம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வாய்பார்த்தது. கொழும்பிலிருந்து வந்த ஒலிபெருக்கிக்காரர் ஆளுயரப் பெட்டிகளைச் சுவரின் மேல் ஏற்றிக் கடலைப் பார்த்தபடி நிறுத்தினார்கள். சத்தம் கடலில் பட்டு விரிய வேண்டுமாம். யொரிஸ் அப்படிக் கேட்டானாம். எனக்கு அந்தப் பெட்டிகளைப் பார்க்க என்னவோ பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். "உமக்கு எதுதான் பிடிச்சது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வள்ளங்கள் போய்விட்டன. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. காற்று செத்துவிட்டது. பொழுது கருகிற நேரம் வாகீசன் மோட்டார் சைக்கிளில் அக்கா வீட்டுப் படலைக்கு வந்தான்.

"அக்கா, ஒரு சின்ன மாற்றம். விழாவுக்கு வந்திருக்கிற தூதரகத்துப் பெரியவர் நாளைக்கு மத்தியானம் கொழும்புக்குத் திரும்புறாராம். மணி நிகழ்ச்சி அவருக்குக் காட்டவேணும். அதாலை நாளைக்கு விடிய வைக்கிறம்."

அக்கா எழும்பிவிட்டார்.

"சனிக்கிழமை விடியவோ? வள்ளமெல்லாம் வெளியிலை. நான் உமக்குச் சொன்னனான் எல்லே?"

"ஓம் அக்கா, சொன்னனீங்கள். பனி இருந்தால்தானே பிரச்சினை? வானத்தைப் பாருங்கோ, ஒரு முகில் இல்லை."

அக்கா பார்த்தார். வெள்ளிகள் ஒன்றிரண்டு வெளிக்கிட்டிருந்தன. எங்கும் தெளிவு.

"பனி விழுந்தால் போடக்கூடாது."

"ஓம் அக்கா."

"சத்தியமாய்?"

"ஓம் அக்கா. நீங்கள் முன்வரிசையிலை வந்து இருங்கோ. உங்களை மேடைக்குக் கூப்பிடுவம்."

கடலில் நிற்பவர்களுக்கு இந்த மாற்றம் தெரியாது. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கடலுக்குத் தொலைபேசி கொண்டுபோவதில்லை. இரண்டை உப்புத்தண்ணிக்குக் கொடுத்த பிறகு மூன்றாவதை வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். மற்றப் பொடியளில் மிரோஜனுக்கு அக்கா எடுத்துப் பார்த்தார். தொடர்பு கிடைக்கவில்லை. வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, நீலக் கரை போட்ட சேலையை எடுத்து மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டார்.

விடிய எழும்பிச் சேலையைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். படலை இல்லை. வேலி இல்லை. முற்றத்து முருங்கை மரம் இல்லை. வாசற்படிக்கு அப்பால் உலகமே வெள்ளையாகக் கிடந்தது. பனி.

அக்கா கோட்டைக்குப் போகவில்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு ஊர் என்னென்னவோ பேசியது. முன்வரிசைக் கதிரை, மேடை, அச்சடித்த பெயர் எல்லாவற்றையும் அந்த நிமிசமே விட்டார். செருப்பில்லாமல் கோயிலுக்கு ஓடினார். போகிற வழியில் வாகீசனுக்குத் தொலைபேசி எடுத்தார். அடிக்கவேயில்லை. கோட்டைக்குள் எல்லாரும் தொலைபேசியை நிறுத்திவைக்கும்படி ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். பனி விழுந்தால் போடமாட்டேன் என்று சொன்னவன்தானே, சொன்னபடி செய்வான் என்று நம்பிக் கயிற்றைப் பிடித்தார். மூன்று. இரண்டு. மூன்று.

கொஞ்சநேரம் போனது. அப்போது கிழக்கே ஒரு சத்தம். மூன்று. இரண்டு. மூன்று.

எதிரொலி என்று நினைத்தார். பனிக்குள் சத்தம் சுற்றுவது உண்டு. சந்தேகம் தீரக் கயிற்றை இறுக்கிப் பிடித்து மணியை நிறுத்தினார். அவருடைய மணி நின்றது. கிழக்கே அது நிற்கவில்லை. அதே வெடிப்பு, அதே கரகரப்பு, அவருடைய கை இழுத்த அதே இழுவை. கோட்டைச் சுவரிலிருந்து, அவருடைய மணியைவிடப் பெலமாக, கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

தன் மணி தன்னை விட்டுவிட்டு வேறிடத்தில் நின்று புருசனைக் கூப்பிடுவதைக் கேட்டால் ஒருத்திக்கு எப்படியிருக்கும்?  கோட்டைக்கு நேரே பாரில் வழி கிடையாது. முழுக்கக் கல். ஓடிப்போய் அதை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் கோட்டை ஒரு மைல் தூரம். அவர் கயிற்றை விட்டு ஓடுகிற நேரம் முழுக்கக் கடலில் கேட்பது அந்தப் பொய்மணி மட்டும்தான். விடாமல் அடிக்கலாம். அடித்தால் இரண்டும் ஒரே மணி, பெலத்தது அது. அனுப்பவும் பக்கத்தில் ஆள் இல்லை. அரைவாசி ஊர் கோட்டைக்குள் இருந்தது.

அப்போது அவர் செய்ததை எங்கள் பங்குக் கோயிலில் அதற்கு முன் ஒருவரும் செய்ததில்லை. சாவுமணி அடித்தார்.

சாவுமணி வேறு மாதிரி. ஓரடி. அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை பொறுத்து அடுத்த ஓரடி. யாராவது செத்தால் சுவாமியார் வந்து செத்தவரின் பெயரைச் சொன்ன பிறகுதான் அதை அடிக்கலாம். பெயரில்லாமல் அடித்தால் அது ஒரு பெயரைத் தேடிப் போகும் என்று பயப்படுவார்கள். அக்காவின் தகப்பன் பயந்தார். அக்காவும் பயந்தவர்தான். ஆனால் பதிவு செய்த பெட்டிக்குள் பனிமணி மட்டும்தான் இருந்தது. சாவுமணி எங்கே கேட்கிறதோ அங்கேதான் கோயில், அங்கேதான் மனுசக் கை. கடலில் நிற்பவர்கள் அதை விளங்கிக்கொள்வார்கள் என்று நம்பிக் கயிற்றை இழுத்தார்.

நான் அந்த நேரம் கோட்டைக்குள் கடைசி வரிசையில் இருந்தேன். சுவரின் மறுபக்கம் தெரியாத பனி. பெரியவர் முன்னால் இருந்தார். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. முதலில் அந்த நகரத்து மணிகள் பெட்டிகளிலிருந்து மழைத்தூறல் மாதிரி விழுந்தன. பிறகு எங்கள் மணி. "எங்கடை மணி, எங்கடை மணி" என்று சனம் ஒன்றையொன்று இடித்துச் சிரித்தது. வயலின்கள் அதற்குப் பதில் சொல்லின. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அக்காவின் நிபந்தனை எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வாகீசன் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பனியைப் பார்ப்பதும் பெரியவரைப் பார்ப்பதுமாக நின்றான்.

அப்போது மேற்கே, மிகத் தூரத்தில், ஓரடி கேட்டது. அடங்கியது. இன்னோரடி.

எங்கள் பங்குச் சனம் முழுக்க எழும்பியது. சாவுமணி கேட்டால் எங்கே இருந்தாலும் எழும்பிச் சிலுவை அடையாளம் போடுவது எங்கள் வழக்கம். நானும் எழும்பினேன். அதைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரரும் எழும்பினார்கள். பெரியவரும் எழும்பினார். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது, தீவுக்காரர் தங்கள் மணிக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் தொலைபேசியை உயிர்ப்பித்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றைக்கும் சுற்றித் திரிகிறது. பார்த்தவர்கள் இதயக்குறி போடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுதினால் இதை யாரும் அச்சடிக்கமாட்டார்கள்.

நான் வாகீசனிடம் போனேன்.

"தம்பி, உங்கடை பெட்டிக்குள்ளை சாவுமணியும் இருக்கோ?"

"இல்லை அண்ணை. பனிமணி மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் சாம்பலாகிவிட்டது. ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடினான். நான் லான்ட்மாஸ்ரரை எடுத்தேன். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வெளிச்சம் போட்டும் றோட்டுத் தெரியவில்லை. நாய்கூட ஊளையிடவில்லை. வழி நெடுக அந்த ஓரடி மட்டும் வந்து வந்து அடங்கியது.

நான் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது முதல் வள்ளம் வந்துவிட்டது. மிரோஜன் ஈரச் சாரத்தோடு வாசலில் நின்றான்.

"வந்திட்டன் அக்கா. ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. அவர் எங்கை?"

"கிழக்கையும் கேட்டுது அக்கா, மேற்கையும் கேட்டுது. பெலத்த பக்கம்தான் கரை எண்டு எல்லாரும் அங்காலை திருப்பினம். கல்லிலை அலை உடையிற சத்தம் கிட்டக் கேட்டுது. அப்பதான் சாவுமணி. கோயில் இஞ்சாலை எண்டு விளங்கித் திருப்பினனாங்கள்."

"அவர் எங்கை எண்டு கேட்டனான்."

மிரோஜன் தலை குனிந்தான்.

"அண்ணை எங்களுக்கு முன்னாலை போனவர்."

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் "வந்திட்டன்" என்றார்கள், ஒவ்வொருவரும் "ஆர் செத்தது?" என்று கேட்டார்கள். அக்கா கயிற்றை விடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த முகம் வரவில்லை. கோட்டைப் பக்கத்துச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. இப்போது தீவில் ஒரேயொரு மணிதான் இருந்தது. அக்கா சாவுமணியை நிறுத்திவிட்டுத் திரும்பவும் பனிமணி அடிக்கத் தொடங்கினார். மூன்று. இரண்டு. மூன்று. சேலை முழுக்க வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். முழங்கையால் என்னை இடித்துத் தள்ளினார்.

வெயில் ஏறிப் பனி கரையத் தொடங்கியபோது என் தொலைபேசி அடித்தது. வாகீசன். அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணை, கோட்டைக்குக் கீழை பாரிலை ஒரு வள்ளம் பிளந்துபோய்க் கிடக்குது."

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லாமலே விளங்கிக்கொண்டார். ஆனாலும் கயிற்றை விடவில்லை.

"அவர் இன்னும் வந்திட்டன் எண்டு சொல்லேல்லை" என்றார்.

கோட்டையில் இருந்தவர்கள் எல்லாரும் கடலுக்குள் இறங்கியிருந்தார்கள். கறுப்புக் கோட்டோடு வயலின்காரர்கள், எங்கள் பொடியள், யொரிஸ். முருகைக்கல் வெட்டி அவன் கால்கள் இரண்டிலும் இரத்தம். அவன்தான் அண்ணையை முதலில் கண்டான். இரண்டு கல்லுக்கு நடுவே முகம் குப்புறக் கிடந்தாராம். பின்மண்டையில் ஒரே காயம். அவரைத் தூக்கிய பிறகும் யொரிஸ் தண்ணீருக்குள்ளேயே நின்றான்.  அன்று பின்னேரமே அந்தப் பதிவை அழித்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அழித்து என்ன?

அண்ணையைத் தோளில் சுமந்து கடற்கரையாலேயே கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் பாயில் கிடத்தினார்கள். அப்போதுதான் அக்கா கயிற்றை விட்டார். வந்து பக்கத்தில் இருந்து, சேலைத் தலைப்பால் அவர் முகத்து மணலைத் துடைத்தார். அழவில்லை. கண், மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். வாகீசன் தூரத்தில் மதிலோடு ஒட்டி நின்றான். கிட்ட வர அவனுக்குத் துணிவில்லை, போகவும் துணிவில்லை.

சுவாமியார் வந்து செபம் சொன்னார். வழக்கப்படி செத்தவரின் பெயரையும் உரத்துச் சொன்னார். "பஸ்ரியாம்பிள்ளை." பெயர் சொல்லியாகிவிட்டதால் இனிச் சாவுமணி அடிக்க வேண்டும். அக்கா அடிக்கிற நிலையில் இல்லையென்று மிரோஜன் எழும்பிக் கயிற்றடிக்குப் போனான்.

"விடும் மிரோஜன்" என்றார் அக்கா. "அவருக்கு அடிச்சாச்சு."

 அக்கா குனிந்து அவருடைய காதுக்குள் கிடந்த மணலை விரலால் எடுத்தார்.

"உயிரோடை இருக்கேக்கையே அடிச்சிட்டன். அவருக்கும் கேட்டிருக்கும். ஆர் செத்ததெண்டு யோசிச்சிருப்பார்."